மொட்டைக் கடிதம் எழுதாத கேப்டன்

அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

2025 கோடையில் உங்கள் பூங்காக்களில் ஒரு புது அறிவிப்பு வைத்தீர்கள். மறைந்த அமெரிக்கர்களையோ இப்போது இருக்கிற அமெரிக்கர்களையோ குறைத்துப் பேசும் பலகை, தகவல் எதுவும் கண்ணில் பட்டால் தெரிவியுங்கள் என்று கேட்டு, ஒரு கியூஆர் கோடு. அந்த ஆண்டு மார்ச்சில் வெள்ளை மாளிகையிலிருந்து வந்த ஆணையும், மே மாதம் உங்கள் உள்துறைச் செயலாளர் போட்ட உத்தரவும்தான் இதற்குக் காரணம், நீங்களாக யோசித்துச் செய்ததில்லை என்று தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். என்னிடம் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. செல்பேசித் திரையில் வருகிற சின்னப் பெட்டிக்குள் அது அடங்காது. அதனால்தான் இந்த மடல்.

நான் சொல்லவருவது கொலராடோவின் கிழக்குக் கோடியில், கையோவா கவுண்டியில் இருக்கிற சாண்ட் கிரீக் படுகொலை தேசிய வரலாற்றுத் தலத்தைப் பற்றி. 1864 நவம்பர் 29-ஆம் தேதி ஷையன், அரபாஹோ பழங்குடி மக்களை அமெரிக்கப் படை கொன்று குவித்த இடம். அந்த இடத்தின் கதையை யார் சொன்னாலும் ஒரு கடிதம் கூடவே வரும். அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றி அதைவிடக் கடுமையாக எழுதப்பட்ட ஒரு கடிதத்தை நான் படித்ததில்லை. எழுதியவரும் அதே படையின் அதிகாரிதான். முதலாம் கொலராடோ குதிரைப்படை, டி கம்பெனியின் கேப்டன் சைலஸ் சோல்.

உங்கள் அறிவிப்பை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் அந்தக் கடிதத்தின் மேல் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். கொடுத்தாலும் அதைத் தொடாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இன்னொன்றும் கேட்பேன். எல்லோரும் அதிலிருந்து நாலு வரியை நறுக்கி எடுத்து மேற்கோள் காட்டுகிறோம். நீங்களாவது முழுசாகப் போடுங்கள்.

ஆளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கிற தமிழர்களில் பலருக்கு சோல் புதியவர், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1838-இல் மெய்ன் மாநிலத்தின் பாத் நகரில் பிறந்தவர். 1854-இல் கான்சாஸ் பகுதி குடியேற்றத்துக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே அடிமை முறை இருக்கலாமா கூடாதா என்பதைக் குடியேறுகிறவர்களே ஓட்டுப்போட்டு முடிவு செய்யட்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கைகழுவிவிட்டதால், இரண்டு தரப்பும் ஆள் சேர்த்து அனுப்பின. அடிமை முறை கூடாது என்று வந்தவர்களில் சோல் குடும்பமும் ஒன்று. லாரன்ஸ் நகருக்குத் தெற்கே கோல் கிரீக் பக்கம் வீடு கட்டிக்கொண்டார்கள். மிசூரியிலிருந்து தப்பி வருகிற அடிமைகளை ஒளித்துவைத்து அடுத்த இடத்துக்கு அனுப்பிவைக்கிற வேலை அந்த வீட்டில் நடந்தது. அடிமை முறைக்கு எதிராக ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுனுக்கும் அந்தக் குடும்பம் பழக்கம். கான்சாஸ் என்கிற நடுமேற்கு மண்ணில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்த வருஷங்களில்தான் சைலஸுக்கு மீசை முளைத்தது.

பையன் நடிப்பில் கெட்டிக்காரன். அடிமைகளை வடக்கே அழைத்துப்போன குற்றத்துக்காக ஜான் டாய் என்கிற மருத்துவர் 1859-இல் மிசூரியின் செயின்ட் ஜோசப் சிறையில் கிடந்தார். லாரன்ஸிலிருந்து பத்துப் பேர் போய் ஜூலை மாதத்து ராத்திரி ஒன்றில் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால், மனைவி கொடுத்துவிட்ட செய்தி என்று சொல்லிக்கொண்டு சிறைக்குள் போய், ஆள் வருகிறது என்ற தகவலை டாயிடம் சேர்த்தவர் சோல். டாயை நாற்காலியில் உட்காரவைத்துப் பின்னால் அந்தப் பத்துப் பேரும் நிற்கிற புகைப்படம் இன்னமும் இருக்கிறது. அடுத்த ஆண்டு, ஜான் பிரவுனோடு சேர்ந்து ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கியதற்காகத் தூக்குத் தண்டனை பெற்ற இரண்டு பேரைக் காப்பாற்ற வர்ஜினியா வரைக்கும் போனார். குடித்துவிட்டு ரகளை பண்ணுகிற ஐரிஷ்காரன் மாதிரி நடித்து ஒரு ராத்திரி அதே சிறைக்குள் தள்ளப்பட்டு, அவர்களைப் பார்த்தும் பேசிவிட்டார். அவர்கள் வர மறுத்துவிட்டார்கள். 1860 மார்ச்சில் இரண்டு பேரையும் தூக்கில் போட்டார்கள். அந்தச் சமயத்தில் பாஸ்டன் பக்கம் போனபோது கவிஞர் வால்ட் விட்மனோடு பழக்கமானது. பிறகு படையிலிருந்து விட்மனுக்கு அவர் எழுதிய கடிதங்களும் தங்கியிருக்கின்றன. பேனா பிடித்த கை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதே ஆண்டு தங்கம் தேடி கொலராடோ மலைகளுக்குப் போனார். உள்நாட்டுப் போர் வந்ததும் வடக்கின் பக்கம், கொலராடோ தன்னார்வப் படையில் சேர்ந்தார். 1862 மார்ச்சில் நியூ மெக்சிகோவின் குளோரியேட்டா கணவாயில் தென்தரப்புப் படையைத் திருப்பி அனுப்பிய சண்டையில் இவரும் இருந்தார். அங்கே பேர் வாங்கிய அதிகாரி ஜான் சிவிங்டன். மெதடிஸ்ட் போதகராக இருந்து படைக்கு வந்தவர். அந்த ஆண்டு முடிவில் காலாட்படையைக் குதிரைப்படையாக மாற்றினார்கள்.

இதெல்லாம் வேகமாகச் சொல்லிவிடலாம். 1864-ஐ அப்படிச் சொல்ல முடியாது.

அந்த ஆண்டு செப்டம்பரில், லயன் கோட்டைப் பொறுப்பில் இருந்த மேஜர் எட்வர்ட் வின்கூப் ஒரு சின்னப் படையோடு ஸ்மோக்கி ஹில் ஆற்றுப் பக்கம் போய் ஷையன், அரபாஹோ தலைவர்களைச் சந்தித்தார். கூடப் போனவர் சோல். தலைவர்கள் தங்களிடம் இருந்த வெள்ளைக்காரச் சிறுபிள்ளைகளில் சிலரை ஒப்படைத்து, சமாதானம் பேச டென்வருக்கு வந்தார்கள். செப்டம்பர் 28-ஆம் தேதி கேம்ப் வெல்ட் படைமுகாமில் அன்று எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஷையன் தலைவர் பிளாக் கெட்டில் நடுவில். ஒயிட் ஆன்டிலோப்பும் மற்றத் தலைவர்களும் பக்கத்தில். வின்கூப்பும் சோலும் அவர்களுக்கு முன்னால் தரையில் முழங்கால் ஊன்றி உட்கார்ந்திருக்கிறார்கள். குடும்ப விழாவில் மாமன் மச்சான்கள் முன்வரிசையில் குந்திக்கொள்வதுபோல, ரொம்பச் சாதாரணமாக. தெரியாமல் பார்க்கிறவர்களுக்கு அது நட்பின் படம். தெரிந்து பார்த்தால் வயிற்றைப் பிசையும்.

கோட்டைக்குப் பக்கத்தில் வந்து தங்குங்கள், ஒன்றும் ஆகாது என்று அந்த மக்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்களும் சாண்ட் கிரீக் ஓடை வளைவில் கூடாரம் போட்டார்கள். ஏறக்குறைய 750 பேர். நவம்பர் தொடக்கத்தில் வின்கூப்பைக் கோட்டைப் பொறுப்பிலிருந்து மாற்றிவிட்டார்கள். மாதக் கடைசியில் அவர் கோட்டையை விட்டுக் கிளம்பி இரண்டு நாளில் சிவிங்டன், மூன்றாம் கொலராடோ படையோடு வந்து இறங்கினார். நூறு நாளுக்கு என்று ஆள் எடுத்த படை அது. நாள் முடியப்போகிறது, ஒரு சண்டைகூடப் போடவில்லை. டென்வரில் அவர்களை ‘ரத்தம் பார்க்காத மூன்றாம் படை’ என்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள்.

இனி கடிதத்துக்கு வருகிறேன்.

1864 டிசம்பர் 14, லயன் கோட்டை. வின்கூப்பை ‘நெட்’ என்று செல்லப்பேர் சொல்லித்தான் தொடங்குகிறார். படை எவ்வளவு ரகசியமாக வந்தது, கோட்டையைச் சுற்றிக் காவல் போட்டு யாரையும் வெளியே விடாதது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. விஷயம் தெரிந்ததும் லெஃப்டினன்ட் கேனன் அறைக்குப் போகிறார். அங்கே அதிகாரிகள் கூடியிருக்கிறார்கள். நிலைமை தெரிந்தும் இந்தக் கொலையில் சேர்கிறவன் கோழை, ஈனப்பிறவி என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார். அவர் சொன்ன கெட்ட வார்த்தையை நான் இங்கே எழுதவில்லை, கடிதத்தில் அப்படியே இருக்கிறது. உடனே இரண்டு பேர் போய் சிவிங்டனிடம் போட்டுக்கொடுக்கிறார்கள். தூக்கில் தொங்கவிடுவேன் என்று மிரட்டல் வருகிறது.

29-ஆம் தேதி விடிகாலை. ராத்திரி முழுக்கக் குதிரையில் வந்த படை கூடாரங்களுக்கு முன்னால் நிற்கிறது. பிளாக் கெட்டில் தன் கூடாரக் கம்பத்தில் அமெரிக்கக் கொடியை ஏற்றுகிறார். சுடத் தொடங்குகிறார்கள். நான் சுட மறுத்துவிட்டேன், கோழையைத் தவிர யாரும் சுடமாட்டான் என்று சத்தியமாகச் சொன்னேன் என்று எழுதுகிறார் சோல். ஏனென்றால் நூற்றுக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் இவர்களை நோக்கி வந்து மண்டியிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து பீரங்கி வந்து வெடிக்கத் தொடங்கியதும் தன் கம்பெனியை ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுகிறார். வரிசை கலையாமல் நின்றது தன் கம்பெனி மட்டும்தான், ஒரு குண்டுகூடச் சுடவில்லை என்கிறார். மற்றதெல்லாம் படையே இல்லை, வெறும் கும்பல்.

அதற்குப் பிறகு வருகிற ஒரு பக்கத்தை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். மூன்று முறையும் நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. ஒரு பெண் கோடரியைத் தடுக்கக் கையைத் தூக்குகிறாள். இன்னொருத்தி இரண்டு பிள்ளைகளோடு மண்டியிட்டிருக்கிறாள், பத்தடி தூரத்தில் ஒரு டஜன் சிப்பாய்கள் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். குண்டு தொடையில் பட்டதும் அவள் கத்தியை எடுக்கிறாள். சிப்பாய்களுக்காக இல்லை. இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. சோல் எழுதினார். நாகரிகமானவர்கள் என்று சொல்லிக்கொள்கிற ஆட்கள் மண்டியிட்ட குழந்தைகளின் மண்டையைப் பிளந்ததைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது நெட், என்று ஒரு நண்பனிடம் சொல்கிற மாதிரிதான் சொல்கிறார். இதில் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை, அவர்களே மறுக்கவில்லை என்று முடிச்சும் போடுகிறார்.

எங்கள் ஊரில் மேலதிகாரியைப் பற்றிப் புகார் என்றால் பெரும்பாலும் மொட்டைக் கடிதம்தான் போகும். அடியில் ‘உண்மை விளம்பி’ என்றோ ‘பொதுநலன் விரும்பி’ என்றோ ஒரு பேர். எழுதினவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகுட்டி இருக்கிறது, வேலை போய்விடும். சோல் தன் பேரைப் போட்டு எழுதினார். சிவிங்டன் இன்னும் கர்னல், மூன்றாம் படை டென்வருக்கு வெற்றி வீரர்களாகத் திரும்பிக்கொண்டிருந்தது, வெட்டியெடுத்த தலைமுடிகளை நாடக அரங்கில் காட்டிக் கைதட்டல் வாங்கப்போகிறது. அந்த வேளையில் பேரைப் போட்டார். ஐந்து நாள் கழித்து லெஃப்டினன்ட் ஜோசப் கிராமரும் தன் பேரைப் போட்டு இன்னொரு கடிதம் எழுதினார்.

சோலின் தாய்க்கும் ஒரு கடிதம் போனது, டிசம்பர் 18-ஆம் தேதியிட்டு. ‘நீங்கள் கடிதம் எழுதிய அன்றைக்கு நான் ஒரு படுகொலையில் இருந்தேன்’ என்று அம்மாவுக்குச் சொல்கிறார். மகன் அம்மாவுக்கு எழுதும்போது போட்ட அந்தச் சொல்லைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வின்கூப்புக்கு எழுதியதிலும் அதே சொல்தான். உங்கள் தலத்தின் பேரில் ‘படுகொலை’ என்று வருகிறதே, அது பிற்காலத்துப் பேராசிரியர்கள் கொண்டுவந்து ஒட்டியது, அரசியல், என்று சிலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சம்பவம் நடந்து மூன்று வாரம் ஆவதற்குள் அங்கே குதிரைமேல் இருந்த கேப்டன் அந்தச் சொல்லை எழுதிவிட்டார், இரண்டு தடவை.

1865 பிப்ரவரியில் டென்வரில் ராணுவ விசாரணை நடந்தது. சோல் சாட்சி சொன்னார். சிவிங்டனே எதிரில் உட்கார்ந்து குறுக்கு விசாரணை செய்தார். ஏப்ரல் 1-ஆம் தேதி ஹெர்சா கோபெர்லி என்கிற பெண்ணோடு கல்யாணம். தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். அப்போது அவருக்கு டென்வரில் ராணுவக் காவல் பொறுப்பு. ஏப்ரல் 23 ராத்திரி வெடிச்சத்தம் கேட்டு என்னவென்று பார்க்கப் போனார். லாரன்ஸ் தெருவில் சார்லஸ் ஸ்குவையர் என்கிற சிப்பாய் காத்திருந்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு நாள். வயது 26. கான்சாஸில் அவர் வளர்ந்த ஊரின் பேரும் லாரன்ஸ் என்பதை நினைத்தால் என்னவோ செய்கிறது.

ஸ்குவையர் நியூ மெக்சிகோவுக்கு ஓடிவிட்டான். அவனைப் பிடித்துக்கொண்டு வந்தவர் யார் தெரியுமா? சோல் தன் கோபத்தைக் கொட்டிய அறைக்குச் சொந்தக்காரரான அதே லெஃப்டினன்ட் கேனன். கொண்டுவந்து சேர்த்த கொஞ்ச நாளில் கேனன் ஓர் ஓட்டல் அறையில் செத்துக்கிடந்தார். ஸ்குவையர் காவலிலிருந்து தப்பிவிட்டான். யாருக்கும் தண்டனை இல்லை. காங்கிரஸ் விசாரணைக் குழு சிவிங்டனைக் கடுமையாகக் கண்டித்தது, ஆனால் அவர் அதற்குள் படையை விட்டு விலகியிருந்ததால் ராணுவ நீதிமன்றம் அவரைத் தொடவில்லை. ஆளுநர் ஜான் எவன்ஸ் பதவியை இழந்தார். 1865 அக்டோபரில் லிட்டில் அர்கான்சாஸ் ஒப்பந்தத்தில் உயிர் பிழைத்தவர்களுக்கு இழப்பீடு தருகிறோம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டது அரசு. கொடுக்கவில்லை.

கடிதங்களும் கண்ணில் படாமல் போய்விட்டன. 2000-ஆம் ஆண்டு கொலராடோவின் எவர்கிரீனில் ஒரு வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து அவற்றின் பிரதிகள் கிடைத்தன. எந்த வீடாக இருந்தாலும் தாத்தா காலத்துப் பெட்டியைக் குப்பைக்குப் போடுமுன் ஒருதடவை கிளறிப் பார்ப்பது நல்லது. அந்த ஆண்டே சாண்ட் கிரீக் மசோதா விவாதத்தில் அந்தக் கடிதங்கள் வாசிக்கப்பட்டன. மசோதாவைக் கொண்டுவந்தவர் செனட்டர் பென் நைட்ஹார்ஸ் கேம்ப்பெல், வடக்கு ஷையன் இனத்தவர். நவம்பரில் சட்டமானது. 2007-இல் தலம் திறந்தது. அதாவது நீங்கள் இன்றைக்கு அந்த மண்ணைக் காவல் காப்பதே ஒரு பகுதி சோல் எழுதிய தாளால்தான். அந்தத் தாளையே புகார்ப் பட்டியலில் சேர்க்கிற நிலைமை வந்தால் கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும்.

உங்கள் அறிவிப்பில் ‘மறைந்த அமெரிக்கர்கள்’ என்று இருக்கிறதே, சோலும் ஒரு மறைந்த அமெரிக்கர்தான். அவர் கடிதத்தைத் தணித்துப் போட்டால் குறைத்துப் பேசப்படுகிறவர் அவர். செத்தபிறகு அவரைக் குடிகாரன், கோழை என்று காட்டுவதற்கு ஏற்கனவே ஒரு தடவை முயன்றார்கள். இரண்டாவது முயற்சி உங்கள் கையால் நடக்க வேண்டாம்.

முழுசாகப் போடுங்கள் என்றேனே, அதற்கு வருகிறேன். அது உங்களுக்கு மட்டும் சங்கடமான கோரிக்கை இல்லை. சோலைக் கொண்டாடுகிற எங்களைப் போன்றவர்களுக்கும்தான்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரி இருக்கிறது, அதை அதிகம் பேர் மேற்கோள் காட்டுவதில்லை. இந்தக் கொலைக்கு நான் வரமாட்டேன், ஆனால் சூ, கையோவா மாதிரி சண்டை போடுகிற இந்தியர்கள் மேல் போவதாக இருந்தால் உங்களில் யாருக்கும் பின்வாங்காமல் வருவேன் என்று அதிகாரிகளிடம் சொல்கிறார். அதற்குத்தான் போகிறோம் என்றார்கள், சேர்ந்துகொண்டேன் என்கிறார். ஆக, அவர் போருக்கு எதிரி இல்லை. கொடுத்த வாக்கை மீறிக் கொல்வதற்குத்தான் எதிரி. கடிதம் முழுக்கப் பெண்களைக் குறிக்க ‘ஸ்குவா’ என்றும் ஆண்களை ‘பக்’, அதாவது கிடா, என்றும் எழுதுகிறார். 2022-இல் உங்கள் உள்துறையே ‘ஸ்குவா’ என்ற சொல்லை ஏறக்குறைய 650 இடப்பெயர்களிலிருந்து நீக்கியது, நல்ல காரியம். ஆனால் கடிதத்திலிருந்து எடுக்காதீர்கள். அந்த மக்களைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தவரின் வாயிலும் அந்தச் சொல்தான் இருந்தது என்பது தெரிய வேண்டிய விஷயம்.

அவர் குடியேறியவர் என்பதையும் மறைக்க வேண்டாம். அடிமை முறையை எதிர்த்து வந்தார்கள், சரி. வந்து வீடு கட்டிய கான்சாஸ் மண் அதற்குச் சற்று முன்வரை ஷானி, டெலவேர் மக்களிடம் இருந்தது. 1860-இல் அவர் ஓடிய தங்க வேட்டைதான், 1851 ஒப்பந்தத்தில் ஷையன், அரபாஹோ மக்களுக்கு என்று எழுதிக்கொடுத்த நிலத்தை ஆட்களால் நிரப்பியது. 1861-இல் ஃபோர்ட் வைஸ் ஒப்பந்தம் அந்த நிலத்தைப் பதின்மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கியது. சாண்ட் கிரீக்கில் அவர்கள் தங்கும்படி ஆனதே அந்தச் சுருக்கத்தால்தான். மண்வெட்டியோடு முதலில் வந்த ஆயிரக்கணக்கானவர்களில் சைலஸ் சோலும் ஒருவர். இதைச் சொல்வதால் அவர் சிறியவராகிவிட மாட்டார். சொல்லாவிட்டால்தான், நல்லவர் ஒருவர் எழுந்து நின்றார், கணக்குத் தீர்ந்தது என்று வருகிறவர்கள் நிம்மதியாகக் காரில் ஏறிப்போவார்கள்.

அப்புறம், கடிதத்தில் ஒரு தப்பு இருக்கிறது. சிறுவன் சார்லி பென்டைக் காப்பாற்றினேன் என்று எழுதிய கையோடு, ஜார்ஜ் பென்ட் செத்துவிட்டான் என்கிறார். ஜார்ஜ் சாகவில்லை. இடுப்பில் குண்டு பட்டு, ஓடை மணலில் தோண்டிய குழிக்குள் பதுங்கித் தப்பிவிட்டார். வணிகர் வில்லியம் பென்டுக்கும் ஷையன் தாய்க்கும் பிறந்தவர். போரின் தொடக்கத்தில் தென்தரப்புக்காகச் சண்டை போட்டவர் வேறு. வரலாறு நமக்குப் பிடித்தபடி வேஷம் கட்டிக்கொள்வதில்லை. அந்த ஜார்ஜ் பென்ட், கிழவரான பிறகு ஒக்லஹோமாவில் உட்கார்ந்து, ஜார்ஜ் ஹைட் என்கிற ஆய்வாளருக்குக் கடிதம் கடிதமாக எழுதினார், 1918-இல் சாகிறவரை. கூச்சல் கேட்டு விழித்தது, பிளாக் கெட்டில் கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பயப்படாதீர்கள் என்று தன் ஆட்களிடம் சத்தம் போட்டது, எல்லாம் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

சோல் செத்தவர் பட்டியலில் எழுதிய ஆள் அவரைவிட ஐம்பது வருஷம் கூடுதலாக வாழ்ந்து, அதே காலையைக் கூடாரத்துக்குள்ளிருந்து எழுதியிருக்கிறார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குதிரைமேலிருந்து பார்த்தது ஒன்று, மணல் குழியிலிருந்து பார்த்தது ஒன்று. நீங்கள் வேறு எந்த விளக்கப் பலகையும் எழுத வேண்டாம். செத்தவர்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். சிவிங்டன் ஐந்நூறு அறுநூறு என்று பீற்றிக்கொண்டார். இருநூறுக்கு மேல் இல்லை, அதில் பெண்களும் குழந்தைகளும் நூற்று நாற்பது என்று வின்கூப்புக்கு எழுதுகிறார் சோல். அம்மாவுக்கு எழுதும்போது முந்நூறு என்கிறார். இன்று நீங்கள் சுமார் 230 என்கிறீர்கள். நாலு எண்களையும் போடுங்கள். பீற்றலுக்கு எண் ஏறுகிறது, அதிர்ச்சியிலும் எண் தடுமாறுகிறது, பார்க்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.

நான் உங்கள் தலத்துக்கு ஒரே ஒரு தடவை வந்திருக்கிறேன், ஓர் அக்டோபர் நடுவில். மண் ரோட்டில் வண்டி போகும்போது பின்கண்ணாடி முழுக்கப் புழுதி. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. மேட்டின்மேல் காற்று காதை அடைக்கிறது, கீழே வளைந்து கிடக்கிற ஓடையில் தண்ணீர் இல்லை, பருத்திப்பஞ்சு மரங்கள் மஞ்சளாகி நிற்கின்றன. கீழே இறங்கலாமா என்று கேட்டேன். கூடாது, அது புனித இடம் என்றார் தொப்பி வைத்த உங்கள் ஊழியர், கனிவாக. மேட்டில் 1950-இல் நட்ட கல் ஒன்று இருக்கிறது. சாண்ட் கிரீக் போர்க்களம் என்று வெட்டியிருக்கிறது. அடியில் யாரோ மணிமாலையும் சில்லறைக் காசும் வைத்திருந்தார்கள். ஒருவர் வந்து ‘போர்க்களம்’ என்பதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அவர் வேறு எதையும் படிக்காமல் போயிருந்தால் ஊரில் போய் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

டென்வர் சட்டமன்றத்துக்கு எதிரே 1909-இல் வைத்த போர்வீரர் சிலையிலும் சாண்ட் கிரீக் சண்டைகளின் பட்டியலில்தான் இருந்தது. 2002-இல் பக்கத்தில் ஒரு திருத்தப் பலகை வைத்தார்கள். 2020-இல் சிலையையே கீழே தள்ளிவிட்டார்கள். மேட்டில் இருக்கிற கல்லைத் தள்ளச் சொல்ல மாட்டேன். 1950-இல் ஊர்க்காரர்கள் அப்படித்தான் நினைத்தார்கள் என்பதற்கு அது சாட்சி, இருக்கட்டும். ஆனால் அந்தக் கல்லைப் பார்க்கிற கண் அடுத்தபடியாகப் பார்க்கிற இடத்தில், சோல் தன் அம்மாவுக்கு எழுதிய அந்த ஒரு வரியை வையுங்கள். அவர் எழுத்துப்பிழையோடு. ஆங்கிலத்தில் கொடூரம் என்பதற்கு ஒரு எழுத்தை மாற்றிப் போட்டிருப்பார். திருத்த வேண்டாம்.

ஷையன், அரபாஹோ மக்கள் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசியில் அந்த ஓடையிலிருந்து டென்வர் வரைக்கும் ஓடுகிறார்கள். வழியில் ரிவர்சைட் கல்லறைத் தோட்டத்தில் சோலின் கல்லறைக்கு முன்னால் நிற்கிறார்கள். அவர் குடியேறியவர் என்பதும், கடிதத்தில் என்ன சொல் போட்டார் என்பதும் அவர்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான் நிற்கிறார்கள். கடிதத்தை எப்படி வைப்பது என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால், மேலிடத்துக்குக் கோப்பு அனுப்புவதற்கு முன் அந்த மக்களின் பேராளர்களிடம் கேளுங்கள். தலத்தை நடத்துவதில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று உங்கள் சட்டமே சொல்கிறது.

இப்படிக்கு,
ஒருமுறை வந்துபோன பார்வையாளர்
(பேர் போடாமல் எழுதுகிறேனே என்று பார்க்கிறீர்களா? சோலின் துணிச்சல் எனக்கு இல்லை, விசா இருக்கிறது.)

பி.கு.: ஈட்ஸிலிருந்து 96-ஆம் நெடுஞ்சாலையில் உங்கள் தலத்துக்கு வருகிறவர்கள் பாழடைந்த ஒரு சிற்றூரைத் தாண்டித்தான் வடக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. ஊரின் பேர் சிவிங்டன். அது உங்கள் அதிகாரத்துக்கு வெளியே என்று தெரியும். ஆனாலும் வழி சொல்கிறபோது ‘சிவிங்டன் வந்ததும் திரும்புங்கள்’ என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறதே, உங்கள் ஊழியர்களுக்கு அது நாக்கில் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.